வெறுங்காலும் மூன்றாம் முடிச்சும்

செயற்கைக் காலுக்கு அளவெடுத்த பெண் என்னிடம் முதலில் கேட்டது, "வழக்கமா என்ன செருப்பு போடுவீங்க?" என்பதுதான். நான் யோசிக்கவே இல்லை. "சேஃப்டி ஷூ," என்றேன். அடுத்த முறை போனபோது அண்ணன் அந்த ஷூவை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தான். அவர் ஷூவின் குதி உயரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றபடி பாதத்தின் சாய்வை அமைத்தார்.

அப்போது என் மனதில் இருந்ததெல்லாம் மணலியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாயில்தான். அங்கே கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். குழாய்களிலும் கொதிகலன்களிலும் பொருத்தியிருக்கும் அழுத்தமானிகளைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, முள் காட்டுவது உண்மைதானா என்று பார்த்து, தவறினால் திருத்தித் திரும்ப மாட்ட வேண்டும். ஷூ இல்லாமல் காவலாளி யாரையும் உள்ளே விடமாட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே, வேலைக்குத் திரும்ப எதிலெல்லாம் ஏற வேண்டும், எதிலெல்லாம் இறங்க வேண்டும் என்று கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன். பேருந்துப் படி, இரும்புக் கம்பி வலை போட்ட நடைபாதை, கொதிகலன் மேல்தளத்துக்குப் போகும் செங்குத்தான படிக்கட்டு, மழை நாளில் எண்ணெய் படிந்த தரை. ஒன்றுவிடாமல் எல்லாமே ஷூ போட்டு நடக்கும் இடங்கள்.

கால் போனதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் எவ்வளவு தூரம் உள்ளே வெட்டி வரும் என்பது எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று ஒதுங்க இடமில்லை. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். "முட்டி தப்பிச்சிடுச்சு, நடந்துடுவீங்க," என்று டாக்டர் சொன்னார். அம்மா அதை வார்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும், ஏதோ எனக்கு முட்டி புதிதாகக் கிடைத்ததைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கும் அது ஒரு வரவாகவே தோன்ற ஆரம்பித்தது.

கால் தயாரானது. கால் செய்து கொடுத்த மையத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஷூ போட்டுக்கொண்டு நடந்து பழகினேன். பிறகு கம்பியைவிட்டு நடந்தேன், படி ஏறினேன், சரிவில் இறங்கினேன். எல்லாம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. காலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்ன நாளில் திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் சந்து முழுக்க வாசலில் நின்றது. நான் ஆட்டோவிலிருந்து இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை வந்தேன். வாசலில் நின்று ஷூவைக் கழற்றினேன். கழற்ற வேண்டுமா என்று யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்?

உள்ளே ஓர் எட்டு வைத்தேன். யாரோ முட்டியைப் பிடித்துப் பின்னால் தள்ளியதுபோல் இருந்தது. சமதளமான எங்கள் வீட்டுத் தரை மலைச்சரிவுபோல் என் முன்னால் எழுந்து நின்றது. ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி ஆச்சு? அது கோணையா கீதா?" என்று அம்மா ஓடி வந்தாள்.

காலில் கோணல் எதுவும் இல்லை. நான் சொன்ன அளவுக்கு அது மிகச் சரியாகச் செய்யப்பட்டிருந்தது. நிஜக் கணுக்கால், ஷூ போட்டால் ஒரு மாதிரியும் கழற்றினால் வேறு மாதிரியும் தானாக வளைந்து கொடுக்கும். செயற்கைப் பாதம் வளையாது. ஷூவின் குதி உயரத்துக்கு என்று அமைத்த பாதத்தை வெறும் தரையில் வைத்தால், குதி தாழ்ந்து முழுக் காலும் பின்னால் சாயும். இதை நான் அம்மாவுக்கு ஃபிரிட்ஜைப் பிடித்தபடியே விளக்கினேன். விளக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கெங்கே நடக்க வேண்டும் என்று அத்தனை இடங்களைக் குறித்து வைத்தவள், அதில் ஒரு வீட்டைக்கூட எழுதவில்லை.

அம்மா ஒரு வழி செய்தாள். எனக்கென்று புதிதாக ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கி, அது வீட்டுக்குள் மட்டும்தான் என்று அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு சமைத்தேன், துணி மடித்தேன். சாமி மாடத்துப் பக்கம் மட்டும் போகமாட்டேன். அம்மா விளக்கேற்றிவிட்டு அங்கிருந்தே திருநீற்றைக் கொண்டுவந்து பூசிவிடுவாள். சில மாதங்களில் வேலைக்கும் திரும்பினேன். காவலாளி என் ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "போம்மா" என்றார். முதல் வாரம் மேசை வேலை மட்டும் கொடுத்தார்கள். பிறகு நானே கேட்டு ஒரு மேல்தளத்து அழுத்தமானியைக் கழற்றப் போனேன். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். இதை முணுமுணுத்துக்கொண்டே ஏறி இறங்கினேன். இறங்கி வந்து தண்ணீர் குடித்தபோதுதான் சட்டை முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது. அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இனி பெரிய சிக்கல் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது அதற்குப் பிறகு.

பெண்ணின் ஊர் நெட்டுக்குப்பம். அண்ணன் காசிமேட்டில் படகு என்ஜின் மெக்கானிக். இரண்டு வீடும் கடல் தொழில் வீடு என்பதால் பேச்சு சுலபமாக முடிந்தது. பெண்ணை எனக்குப் பார்த்தவுடன் பிடித்தது. என் காலை மற்றவர்களைப்போல் ஓரக்கண்ணால் பார்க்காமல், நேராகவே பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில குடுத்ததா, வெளிய வாங்குனதா?" என்று கேட்டாள்.

அந்த வாரம் அப்பாவின் அக்கா, என் அத்தை, வீட்டுக்கு வந்தாள். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சமையலறையில் பேசுவது நன்றாகவே கேட்டது.

"மூணாவது முடிச்சுக்கு என் சின்ன மருமவள நிறுத்திக்கலாம்," என்றாள் அத்தை. "அவளும் தங்கச்சி மொறைதானே."

"அதுக்கு இவ கீறாளே, அண்ணி," என்றாள் அம்மா.

"கீறா. யாரு இல்லன்னா? பொண்ணுக்குப் பின்னால நின்னு, குனிஞ்சு கட்டணும். செருப்பில்லாம நிக்க முடியாதுன்னு நீதான சொன்ன? மணவறையில போய் தொபுக்குனு வுயுந்தா, பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா சொல்லுவாங்க? புள்ளைக்குத்தான் அசிங்கமாப் பூடும். ஒரு சேர் போட்டு முன்னாடி குந்த வெச்சிடு. நல்லாத் தெரியும்."

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுதான் போடுவான். மூன்றாவது அவனுடைய அக்காவோ தங்கையோ போடுவது. அதைக் கட்டும் பெண்ணை யாரும் அதிக நேரம் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் மணமக்கள் மீதுதான் இருக்கும். புகைப்படத்தில்கூட அவள் பாதி முகம்தான் விழும். ஆனால் அது என்னுடையது. சிறு வயதில் சண்டை வரும்போதெல்லாம், "உன் பொண்டாட்டிக்கு நான் முடிச்சு போடமாட்டேன் போடா," என்று அண்ணனை மிரட்டி வைத்திருந்த உரிமை.

அதோடு, அந்த நாற்காலி எனக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. கால் போன பிறகு போன எல்லா விசேஷத்திலும், நான் உள்ளே நுழையும் முன்பே யாராவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அன்பாகத்தான். உட்கார்ந்தால் எதிரே மற்றவர்களின் முதுகு மட்டும் தெரியும். ஒரு வீட்டில் காது குத்தும்போது குழந்தை அழுதது எனக்குக் கேட்டது. பார்க்கக் கிடைத்தது பட்டுப் புடவைகளின் பின்கொசுவங்கள்தான்.

நான் ஈரக் கையோடு உள்ளே போனேன். "அத்த, நான் கட்டுறேன்," என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். கெட்டவள் அல்ல. ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் கொடுக்க ஆள் பிடித்து வந்தவள். அம்மாவின் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சு போட்டவளும் அவள்தான்.

"கட்டுறியா? செருப்பப் போட்டுக்கினா?"

"போடாம."

"எப்பிடி?"

"தெரியல. கண்டுபிடிக்கிறேன்."

அப்போது அண்ணன் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ கட்டலன்னா நான் ரெண்டோட நிறுத்திக்குவேன். பொண்ணு வூட்டுல கேட்டா, மூணாவது பாக்கின்னு சொல்லிடுங்க," என்றான்.

"வாயக் கயுவு! தாலி விசயத்துல பாக்கி கீக்கின்னு," என்று அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தாள். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "நான் வந்து பாப்பேன். நின்னு காட்டு. இல்லன்னா என் சின்ன மருமவதான். அப்பால அழக்கூடாது."

மறுநாள் மையத்துக்குப் போய் காலுக்கு அளவெடுத்த பெண்ணிடம் கேட்டேன். கல்யாணத்தன்று வெறுங்காலில் நிற்க வேண்டும், குனிய வேண்டும், இரண்டு கையும் வேலையில் இருக்கும், எதையும் பிடிக்க முடியாது, மேடையில் விரிப்பு வேறு போட்டிருப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னேன்.

"ஸ்க்ரூவைத் திருப்பிச் சாய்வை மாத்தி வெச்சா வெறுங்காலுக்குச் சரியா வரும்," என்றார். "ஆனா ஷூ போட முடியாது. மறுபடி இங்கே வந்துதான் பழையபடி மாத்தணும்."

"அதுவரைக்கும் தினமும் வேலைக்குப் போகணும். சாயந்திரம் வெறுங்கால்ல பழகணும். ரெண்டும் வேணும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ குதிக்கு அடியில ஓர் ஆப்பு வெச்சுக்குங்க. ஷூவோட குதி எவ்வளவு தூக்குதோ அவ்வளவு. முன்பக்கம் ஒண்ணுமில்லாமச் சரிஞ்சு வரணும். கொஞ்ச நேரத்துக்குத்தானே, பரவாயில்ல. இந்தப் பக்கம் ஒரு நூல் உயரமாத் தெரியும், அவ்வளவுதான். முட்டி வலிச்சா நிறுத்திடுங்க."

ஆப்பு என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பெரிய பயமாக இருந்த ஒன்று, அளந்து வெட்டக்கூடிய பொருளாக மாறிவிட்டது. வேலை இடத்தில் வெர்னியர் அளவுகோலால் ஷூவின் குதியையும் முன்பாகத்தையும் அளந்தேன். வீட்டுக்கு வந்து, புதிய ஹவாய் செருப்பு ஒன்றை எடுத்து, ரப்பரைக் கத்தியால் சீவி, குதியில் தடிமனும் முன்னால் காகிதம்போல் மெலிவுமாக ஓர் ஆப்பு செய்தேன். இருபக்கமும் ஒட்டும் நாடாவால் பாதத்தின் அடியில் ஒட்டினேன். கேன்வாஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

தரை தரையாகவே இருந்தது. வலது பாதத்துக்கு மொசைக்கின் சில்லிப்பு தெரிந்தது. கால் போன பிறகு எழுந்து நடந்தபடி வீட்டுத் தரையை நான் தொடுவது அதுதான் முதல்முறை. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். கடைசியில் சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்று நானே திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டேன். அம்மா மீன் கூடையை இறக்கிவைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு, "வஞ்சிரம் தலை ஒண்ணு விக்காம மீந்துச்சு, கொயம்பு வெக்கட்டா?" என்றாள்.

அத்தை சொன்னபடியே வந்தாள். நான் நடந்து காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பாதத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அது இன்னா நீலமா?"

"ஆப்பு. செருப்புல வெட்டுனது."

அத்தை நிமிர்ந்தாள். "செருப்பா? செருப்ப ஒட்டிக்கினு மணவறைல ஏறுவியா?"

"புச்சு செருப்பு அத்த. யாரும் போடல."

"புச்சுன்னா மட்டும்? புச்சுச் செருப்பக் கொண்டுபோய் சாமி தலைல வெப்பியா?"

எனக்குத் தெரிந்த வழியில் வாதாடினேன். "அத்த, இந்தப் பாதமே ரப்பர்தான். ரெண்டும் ஒரே மாதிரிப் பொருள். மேல இருக்குறது மணவறையில ஏறலாம்னா கீழ இருக்குறதும் ஏறலாம்."

"அது காலு," என்றாள் அத்தை. "டாக்டரு குடுத்தது. இது நீ செருப்புக் கடையில வாங்கி அரிஞ்சது. அதுவும் இதுவும் ஒண்ணாடி?"

அவள் அதைக் கால் என்று சொல்லிவிட்டாள். அதுவரை வீட்டில் எல்லோரும், நானும்கூட, 'அது' என்றுதான் சொல்லி வந்தோம். 'அத மாட்டிக்கினியா', 'அதக் கயட்டி வையி'. அத்தை சண்டையின் நடுவில், தன்னை அறியாமல், அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போனாள்.

ஆப்பு செருப்பா இல்லையா என்ற கேள்வி அந்த வாரம் மீன் மார்க்கெட் முழுக்கச் சுற்றியது. அம்மா கூடை இறக்கும் இடத்தில் பக்கத்துக் கடைக்காரி, வார் இல்லாவிட்டால் அது செருப்பே அல்ல என்றாளாம். இன்னொருத்தி, வார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செருப்பாகப் பிறந்தது செருப்புதான் என்றாளாம். இறால் விற்கும் கிழவி ஒருத்தி, "மாப்பிள்ளயே மேடைக்குப் பின்னால போய் சிகரெட்டு குடிச்சிட்டு வந்து தாலி கட்டுறான். அத எவ கேட்டா?" என்றாளாம். அம்மா ஒவ்வொரு நாளும் வந்து தீர்ப்புகளைச் சொல்வாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தையின் மனம் கோணாமல் மேடை ஏறுவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் தலையாட்டாமல் நான் முடிச்சைப் போட்டால், யாராவது தும்மினால்கூட அது என் காலால் வந்ததாகிவிடும்.

வழி அம்மாவுக்குத்தான் தோன்றியது. மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியை நிறுத்திவிட்டு அத்தைக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, வலையில கோக்குறோமே மிதவை, அதுல வெட்டிக்கினா? அது செருப்பு இல்லல்ல?"

அம்மா எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிதவைன்னா சரி," என்று அத்தையின் குரல் வந்தது. "அது கடலுக்குப் போறது. ஆனா கடலுக்குப் போய் வந்தத எடுக்காத, நாறும். புச்சா வாங்கு."

அண்ணன் அன்றே காசிமேட்டில் படகுச் சாமான் கடையிலிருந்து ஒரு புதிய மிதவை வாங்கிவந்தான். மஞ்சள் நிறம், உள்ளங்கையளவு. செருப்பு ரப்பரைவிடக் கெட்டி. கத்திக்கு மசியவில்லை. ஹேக்சா பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பழைய ஆப்போடு வைத்து அளவு பார்த்தேன். உண்மையில் இது இன்னும் நன்றாக இருந்தது. ஏறி நின்றாலும் அமுங்கவில்லை. மஞ்சள் நிறம் என்பதால் மங்களமாகவும் இருக்கிறது என்றாள் அம்மா.

நிற்பது தீர்ந்தது. குனிவது மிச்சம். மணப்பெண் தாழ்ந்த மணையில் உட்கார்ந்திருப்பாள். கணுக்கால் மடியாமல் அந்த அளவுக்குக் குனிய முடியாது; செயற்கைக் காலில் அது மடியாது. செயற்கைக் காலைப் பின்னால் நீட்டி, எடை முழுவதையும் வலது காலில் போட்டு, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். குனிந்த பிறகு இரண்டு கையும் கயிற்றில். தினமும் மாலையில் அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பலகையில் மணப்பெண்ணாக உட்கார்வான். மஞ்சள் கயிற்றை நான் அவன் கழுத்தில் கட்டுவேன்.

"தலையக் குனிடா. பொண்ணு இப்டியா நிமிந்து குந்தும்?" என்பாள் அம்மா.

"வெக்கமா கீது, அத்த," என்று அண்ணன் அம்மாவையே மாமியாராக்கிப் பேசுவான்.

முதல் சில நாட்கள் நான் அவன் முதுகின்மேல் விழுந்தேன். "பொண்ணு ஒல்லிமா. என்ன மாரி தாங்காது," என்றான். பிறகு விழவில்லை. ஆனால் முடிச்சு முடியும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் உடல் முன்னால் சரியப் பார்க்கும். அதை மட்டும் என்னால் கடைசிவரை தீர்க்க முடியவில்லை. வேகமாகக் கட்டிவிட்டு நிமிர்ந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

முகூர்த்தம் விடிகாலை. மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. மேடைப் படியின் கீழே ஷூவைக் கழற்றி, ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆப்பை ஒட்டிக்கொண்டேன். புடவைக் கரை தரையைத் தொடும்படிக் கட்டியிருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மேடை ஏறியதும்தான் பார்த்தேன். விரிப்பு நான் நினைத்ததைவிடத் தடிமன். அதற்கு அடியில் பலகைகளின் இணைப்பு வேறு. காலை வைத்தால் அமுங்கிக் கொஞ்சம் அசைந்தது. மேடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் அத்தையின் சின்ன மருமகள், பட்டுப் புடவையில், எனக்காகப் பரிதாபமாகச் சிரித்தபடி நின்றிருந்தாள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் மருமகளின் கையைப் பிடித்து ஒரு படி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

மணப்பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். ஐயர் தாலியை எல்லோரிடமும் காட்டி ஆசி வாங்கி அண்ணனிடம் கொடுத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. அரிசி பறந்து வந்து தலையிலும் கழுத்திலும் விழுந்தது. அண்ணன் குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாவதைப் போட்டான். கயிற்றின் இரண்டு முனையையும் என் விரல்களில் வைத்துவிட்டு, "இன்னும் பாக்கி," என்று எனக்கு மட்டும் கேட்கும்படிச் சொன்னான்.

செயற்கைக் காலைப் பின்னால் வைத்தேன். குனிந்தேன். கயிறு மஞ்சளில் ஊறி ஈரமாக வழுக்கியது. ஒரு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே நுழைத்தேன். அப்போது பின்னால் யாரோ படம் எடுக்க நெருங்கி வந்தார்கள். பலகை ஒருபக்கம் தாழ்ந்தது. விரிப்பு நகர்ந்து என் உடல் முன்னால் போகத் தொடங்கியது. கைகள் இரண்டும் கயிற்றில். கயிற்றை விட்டால் எதையாவது பிடித்துக்கொள்ளலாம். விட்டால் முடிச்சு போய்விடும்.

விடவில்லை. முழங்கையை மணப்பெண்ணின் தோளில் ஊன்றினேன். ஊன்றியது என்று சொல்வதைவிட, என் பாதி எடை அங்கே போய் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தோள் அசையவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து, என்னை ஏற்றுக்கொண்டு, அப்படியே இருந்தது. தலையைக் குனிந்தபடியே, உதடு அசையாமல் அவள் சொன்னாள்: "பொறுமையாக் கட்டு. நான் எங்கயும் ஓடமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நுனியை இழுத்தேன். மறுபடி இழுத்தேன். அது அவிழவே கூடாது என்பதுபோல இன்னொரு முறையும் இழுத்தேன். பிறகு அவள் தோளில் கையை ஊன்றியே, அவசரமில்லாமல், நிமிர்ந்தேன். மேளம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் மணமக்களைத்தான் பார்த்தார்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அத்தை மட்டும் வந்து, முந்தானையால் என் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள். "போய் துன்னு, போ. மொத பந்தி போட்டாச்சு," என்றாள்.

மூன்றாம் மாதத்தில் அண்ணிக்குத் தாலி பிரித்துக் கோர்த்தார்கள். கல்யாணத்தன்று கட்டிய கயிற்றை அவிழ்த்து, தாலியைப் புதுக் கயிற்றில் சேர்க்கும் சடங்கு அது. ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் பெண்கள் மட்டும். அண்ணன் போட்ட இரண்டு முடிச்சும் எளிதாக அவிழ்ந்தன. மூன்றாவதில் அம்மா தோற்றாள். நெட்டுக்குப்பத்திலிருந்து வந்த அண்ணியின் அம்மா தோற்றார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நகத்தால், கொண்டை ஊசியால், ஊக்கால் எல்லாம் முயன்றாள். மஞ்சள் காய்ந்து அது கல்லாகியிருந்தது. தாலிக் கயிற்றில் கத்தரி படக்கூடாது.

"இன்னாடி இது, படகா கட்டி வெச்ச?" என்று அத்தை கத்தினாள். "எங்க அவ? போட்டவளே வந்து அவுக்கட்டும்."

நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து, காலை மாட்டாமல், சுவரோரம் தரையில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து மாட்டிக்கொண்டு வர நேரம் ஆகும் என்பதால், "அண்ணி, நீ இங்க வா," என்றேன். அண்ணி எழுந்து வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பெண்களும் நாற்காலிகளைவிட்டு இறங்கி எங்களைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். வலது காலை மடித்து, வெட்டுப்பட்ட காலை நீட்டிக்கொண்டு, வலை தைக்கும் ஊசியின் முனையால் முடிச்சைக் குடைந்தேன். யாரோ காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். அது ஆறிப் போனது. "கூசுது, சீக்கிரம்," என்றாள் அண்ணி. கடைசியில் ஓர் இழை நகர்ந்து, முடிச்சு மெல்ல வாய் திறந்தது.

அத்தை பழைய கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாலி கோர்த்த புதுக் கயிற்றை என் கையில் கொடுத்தாள். "இதையும் நீயே கட்டிடு. ஆனா மனுசங்க அவுக்குற மாரி கட்டு."

இந்த முறை உட்கார்ந்துகொண்டே கட்டினேன்.